பெட்டியில் இடம் ஒன்றுக்குத்தான்: சிடி-ஐயா, 3டிஓவா?

"மாப்ள, பொங்கலுக்கு வர்றோம். ஏதோ பழைய கேம் பெட்டி வேணும்னியே, எதுன்னு சொல்லு. ஒண்ணே ஒண்ணுதான். உங்க அக்கா ரெண்டு சூட்கேஸையும் ஏற்கெனவே பிடிச்சிட்டா."

இது போன மாதம் அத்தானிடமிருந்து வந்த வாட்ஸ்அப். அவர் வேலை பார்ப்பது நெதர்லாந்தில் ஐந்தோவன் என்ற ஊரில். 1891-இல் பிலிப்ஸ் கம்பெனி பல்பு செய்யத் தொடங்கிய ஊர் அது. ஊர்ப் பெயரிலேயே பாதி விடை இருக்கிறது என்று நினைத்தேன். ஆனாலும் மூன்று நாள் யோசித்துத்தான் பதில் போட்டேன். அந்த யோசனையைத்தான் இங்கே எழுதுகிறேன். இதே கிறுக்கு பிடித்த வேறு யாருக்காவது உதவலாம்.

நான் கேட்டது வெறும் பழைய கேம் பெட்டி இல்லை. 1990-களின் தொடக்கத்தில் 'மல்டிமீடியா' என்ற சொல்லை நெற்றியில் ஒட்டிக்கொண்டு வந்து, எழுந்து நிற்பதற்குள் படுத்துவிட்ட பெட்டிகள் சில உண்டு. டிவிக்குக் கீழே வைத்தால் போதும்: படம் காட்டும், பாட்டுப் பாடும், பிள்ளைக்கு ஏபிசிடி சொல்லித்தரும், அப்பாவுக்கு கோல்ஃப் கற்றுத்தரும், மிச்ச நேரத்தில் விளையாடவும் விடும் என்று சொல்லி விற்றார்கள். அதில் ஒன்று என் மேஜையில் இருக்க வேண்டும் என்பது நெடுநாள் ஆசை. ஜெயித்த கன்சோல்களைப் பற்றி ஊரே பேசுகிறது. தோற்றதை நோண்டுவதில் எனக்கு ருசி அதிகம்.

பட்டியலில் நான்கு பெயர்கள் இருந்தன. பிலிப்ஸின் சிடி-ஐ, பானசோனிக் முதலிய கம்பெனிகள் செய்த 3டிஓ, கமடோரின் சிடிடிவி, ஆப்பிளும் பண்டாயும் சேர்ந்து கொண்டுவந்த பிப்பின். டேண்டி கம்பெனியின் விஐஎஸ் என்று ஒன்றும் உண்டு. 1992-இல் ரேடியோஷாக் கடைகளில் வந்தது. அந்த மூன்று எழுத்துக்கு 'விற்கவே முடியாதது' என்று கடை ஊழியர்களே விரிவாக்கம் கொடுத்தார்களாம். விற்றவர்களே அப்படிச் சொன்ன பிறகு நான் ஏன் வாங்க வேண்டும்? அதைச் சேர்க்கவில்லை.

ஆராய்வதற்கு முன் எனக்கு நானே போட்டுக்கொண்ட ஒரு நிபந்தனையைச் சொல்லிவிடுகிறேன். வருகிற பெட்டி நம் வீட்டு 230 வோல்ட்டில் நேராக ஓட வேண்டும். இது பட்டுத் தெளிந்த பாடம். சில வருடம் முன்பு இணையத்தில் ஜப்பானிலிருந்து ஒரு 3டிஓ வரவழைத்தேன். பார்சல் வந்த ஆவேசத்தில் பிளக்குக்கு ஒரு அடாப்டரை மாட்டிச் சொருகிவிட்டேன். மூன்று விநாடி. ஒரு சின்ன 'டப்', அப்புறம் மீன் வறுத்த சட்டி தீய்ந்தாற்போல ஒரு வாசம். தெருமுனை டிவி மெக்கானிக் அண்ணனிடம் தூக்கிக்கொண்டு போனேன். அவர் பெட்டியைத் திருப்பிப் பார்த்தார்.

"தம்பி, சொருகுறதுக்கு முன்னாடி பின்பக்கம் என்ன போட்டிருக்குன்னு படிச்சீங்களா?"

"எல்லாம் ஜப்பான் எழுத்துண்ணே."

"நூறுங்கிற நம்பருமா ஜப்பான் எழுத்து?"

பவர் போர்டு போயே போச்சு. ஸ்டெப்-டவுன் டிரான்ஸ்பார்மர் ஒன்று வாங்கி வைத்திருந்தால் தப்பியிருக்கும். அன்றிலிருந்து ஐரோப்பிய மாடல் என்றால்தான் என் மனம் இளகுகிறது. மின்சாரமும் ஒத்துப்போகும், டிவி முறையும் ஒத்துப்போகும்.

இந்த ஒரு நிபந்தனையிலேயே பிப்பின் கிட்டத்தட்ட விழுந்துவிட்டது. 1996-இல் அது முதன்மையாக விற்கப்பட்டது ஜப்பானிலும் அமெரிக்காவிலும்தான். உள்ளே 66 மெகாஹெர்ட்ஸ் பவர்பிசி 603 சிப், 6 எம்பி ராம், டிவியில் இணையம் பார்க்க ஒரு மோடம். மேக் கம்ப்யூட்டரையே சுருக்கிப் பெட்டிக்குள் போட்டிருந்தார்கள். ஒவ்வொரு டிஸ்க்கிலும் ஆப்பரேட்டிங் சிஸ்டமும் சேர்ந்தே வரும். அமெரிக்காவில் 599 டாலர். அதற்குள் பிளேஸ்டேஷன் வந்து ஒரு வருடம் ஆகியிருந்தது, அதுவும் 299 டாலரில் தொடங்கி. விற்றது 42,000 பெட்டிகள் என்பது வழக்கமாகச் சொல்லப்படும் கணக்கு. விற்றது குறைவு என்பதால் இன்று சேகரிப்பாளர்கள் கேட்கும் விலை அதிகம். அந்த விலை கொடுத்து வாங்கினாலும் போட்டுப் பார்ப்பதற்கு டிஸ்க் வேண்டுமே? அமெரிக்காவில் வந்த டிஸ்க்குகளை ஒரே அலமாரித் தட்டில் அடுக்கிவிடலாம். ஆப்பிள் பிரியர்களுக்கு அது காட்சிப்பொருள். எனக்கு வேண்டாம்.

சிடிடிவி கொஞ்சம் மனதை இழுக்கும். கமடோர் 1991-இல் 999 டாலருக்கு விற்றது. கறுப்புப் பெட்டி, முன்பக்கம் ஒளிரும் எண்கள், ரிமோட். டெக்கோ விசிஆரோ என்றுதான் யாரும் நினைப்பார்கள். திறந்து பார்த்தால் உள்ளே இருப்பது கமடோரின் சொந்த அமிகா 500 கம்ப்யூட்டர். அதே 68000 சிப், 1 எம்பி ராம். கீபோர்டையும் மவுஸையும் ஃபிளாப்பி டிரைவையும் கழற்றிவிட்டு சிடி டிரைவைப் பூட்டியிருக்கிறார்கள். இதை ஹைஃபை செட்டுகளோடு வைத்து விற்க வேண்டும், அமிகாவுக்குப் பக்கத்தில் வைக்கக் கூடாது என்று கடைக்காரர்களிடம் சொன்னதாம் கமடோர். பெற்ற பிள்ளையைச் சபையில் யாரோ என்று சொன்ன கதை. அமிகா ரசிகர்களுக்கு இது தங்கள் மெஷின் என்றே தெரியவில்லை, ஹைஃபை வாங்க வந்தவருக்கு இது எதற்கென்றே புரியவில்லை.

சிடிடிவியில் டிஸ்க்கை நேரடியாகப் போட முடியாது. கேடி என்ற பிளாஸ்டிக் உறையில் வைத்து, உறையோடு தள்ள வேண்டும். அந்த உறை உடைந்தாலோ தொலைந்தாலோ பெட்டி இருந்தும் பயனில்லை. முப்பது வருடக் கெபாசிட்டர்கள் கசிந்து போர்டை அரிப்பது இன்னொரு தலைவலி. இதற்கெல்லாம் மேலே ஒரு காரணம் இருக்கிறது: உள்ளே இருப்பது அமிகா என்பதால், அமிகா எமுலேட்டர் (அமிகாவைப் போலவே நடிக்கும் மென்பொருள்) ஒன்றைக் கம்ப்யூட்டரில் போட்டாலே சிடிடிவி டிஸ்க்குகள் நன்றாக ஓடிவிடுகின்றன. பெட்டி தரும் கூடுதல் சுகம் அந்தக் கறுப்பு முகம் மட்டுமே. ஆக, மிஞ்சியவை இரண்டு.

3டிஓவைப் பற்றி எழுத உட்கார்ந்தால் எனக்கு முதலில் கேட்பது ஒரு சங்கிலிச் சத்தம். கம்ப்யூட்டர் லேபிலோ பிரவுசிங் சென்டரிலோ 'ரோட் ராஷ்' ஆடாமல் நம் ஊரில் அந்தத் தலைமுறை வளர்ந்திருக்குமா? பக்கத்தில் வருகிறவன் கையிலிருந்து சங்கிலியைப் பிடுங்கி, அதே சங்கிலியால் அவனையே அடித்து ரோட்டோரத்தில் சாய்க்கும் அந்த பைக் ரேஸ். நாம் ஆடிய விண்டோஸ் பதிப்பு 1996-இல் வந்தது. அது 1994-இல் 3டிஓவுக்காகச் செய்ததிலிருந்து வந்தது. 'நீட் ஃபார் ஸ்பீட்' தொடரின் முதல் விளையாட்டும் 1994-இல் 3டிஓவில்தான் பிறந்தது. பெட்டியின் பெயரே தெரியாமல் அதன் பிள்ளைகளோடு நாம் வருடக்கணக்கில் விளையாடியிருக்கிறோம்.

பெட்டிக்குப் பின்னால் இருந்தவர் ட்ரிப் ஹாக்கின்ஸ், எலக்ட்ரானிக் ஆர்ட்ஸ் என்ற கேம் கம்பெனியை 1982-இல் தொடங்கியவர். 1991-இல் 3டிஓ கம்பெனியைத் தொடங்கினார். வடிவமைத்தவர்கள் ஆர்ஜே மைக்கலும் டேவ் நீடிலும், அமிகாவில் கைவைத்த அதே ஆட்கள். உள்ளே 12.5 மெகாஹெர்ட்ஸில் ஓடும் ஏஆர்எம்60 சிப். இன்று நம் சட்டைப்பையில் கிடக்கும் போனின் சிப்புக்கு இது பாட்டன் முறை. ராம் 2 எம்பி, படத்துக்குத் தனியாக 1 எம்பி. இரட்டை வேக சிடி டிரைவ். 1993-க்கு இது மலைக்க வைக்கும் சரக்கு. 'டைம்' பத்திரிகை அந்த வருடத்தின் சிறந்த பொருள் என்று பாராட்டியது.

பிறகு ஏன் படுத்தது? கணக்கு உதைத்தது. நிண்டெண்டோவும் சேகாவும் பெட்டியை அடக்க விலையை ஒட்டிக் கொடுத்துவிட்டு, விற்கும் ஒவ்வொரு விளையாட்டிலும் பங்கு வாங்கிச் சரிக்கட்டிவிடுவார்கள். ஹாக்கின்ஸ் வேறு வழி பார்த்தார். 3டிஓ கம்பெனி பெட்டி செய்யாது, வரைபடத்தைக் கொடுக்கும். பானசோனிக், கோல்ட்ஸ்டார், சான்யோ என்று யார் வேண்டுமானாலும் செய்து விற்கலாம். விளையாட்டு செய்கிறவர் டிஸ்க்குக்கு 3 டாலர் கட்டினால் போதும். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்த 3 டாலர் போவது ஹாக்கின்ஸின் கம்பெனிக்கு. பெட்டி செய்த பானசோனிக்குக்கு விளையாட்டு விற்பனையில் வரும்படி இல்லை. அது தன் லாபத்தைப் பெட்டியின் விலையிலேயே எடுத்தாக வேண்டும். அதனால் 1993 அக்டோபரில் அமெரிக்காவில் விலை 699.99 டாலர் என்று வந்து நின்றது. கூடவே வந்த விளையாட்டு ஒன்றே ஒன்று.

கட்டணம் குறைவு, கட்டுப்பாடும் குறைவு என்பதால் குப்பையும் கொட்டியது. நடிகர்களை வைத்து மலிவாகப் படம் பிடித்து, இடையிடையே ஒரு பட்டனை அழுத்தச் சொல்லி, அதையே விளையாட்டு என்று விற்றார்கள். சிலது படம்கூட இல்லை, வெறும் ஸ்லைடு ஷோ. ஆனால் நல்லது எது என்று தேடினால் பட்டியல் சின்னதில்லை: ரோட் ராஷ், நீட் ஃபார் ஸ்பீட், ரிடர்ன் ஃபயர், கெக்ஸ், சூப்பர் ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2 டர்போ. 'ஸ்டார் கன்ட்ரோல் 2' விளையாட்டின் 3டிஓ பதிப்பைச் செய்தவர்கள் 2002-இல் அதன் மூலநிரலையே பொதுவில் விட்டார்கள். 'தி அர்-குவான் மாஸ்டர்ஸ்' என்ற பெயரில் அது இன்றும் இலவசம். இந்த நான்கு பெட்டிகளில், விளையாட்டாகவே எடுத்து ஆடினால் இன்றும் கை வைக்கத் தோன்றுவது 3டிஓதான். இதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

பெட்டியாகவும் தொல்லை குறைவு. டிஸ்க்குக்கு நாடு வாரியான பூட்டு இல்லை, காப்பிப் பாதுகாப்பும் இல்லை. வீட்டில் காப்பி எழுதிய சிடியும் ஓடும். லென்ஸ் தேய்ந்துபோனால் டிரைவையே கழற்றிவிட்டு எஸ்டி கார்டிலோ பென் டிரைவிலோ இருந்து ஓட்டும் போர்டு பூட்டிக்கொள்ளலாம். ஐரோப்பாவில் 1994-இல் பானசோனிக் விற்றது என்பதால் நம் வோல்ட்டேஜுக்கும் ஆள் உண்டு. வேடிக்கையான விஷயம் ஒன்று: பெட்டியில் கண்ட்ரோலர் சொருக ஒரே ஓட்டைதான். இரண்டாவது ஆள் வந்தால் அவர் கண்ட்ரோலரை முதல் ஆளின் கண்ட்ரோலரில் சொருக வேண்டும், மூன்றாமவர் இரண்டாமவருடையதில், இப்படியே ரயில் பெட்டி மாதிரி. நடுவில் ஒருவர் கோபித்துக்கொண்டு பிடுங்கிக்கொண்டு போனால் பின்னால் இருப்பவர்கள் எல்லாரும் அவுட்.

இவ்வளவு சொல்லிவிட்டு 3டிஓவையே வாங்கிவிடலாமே? அங்கேதான் எமுலேட்டர் குறுக்கே வந்தது. 3டிஓவின் முக்கியமான விளையாட்டுகள் என் லேப்டாப்பில் ரெட்ரோஆர்க் என்ற எமுலேட்டர் மென்பொருளில் ஓடிக்கொண்டிருக்கின்றன. நல்ல கண்ட்ரோலர் ஒன்றைச் சொருகினால் பெரிய வித்தியாசம் தெரிவதில்லை. ஒரு சூட்கேஸ் இடத்தைச் செலவழித்து, ஏற்கெனவே ஆடுவதையே ஆடுவதா?

சரி, சிடி-ஐக்கு வருவோம். இந்தப் பெயரைத் தமிழில் எழுதும்போதெல்லாம் சிரிப்பு வருகிறது. சிடி-யோடு இரண்டாம் வேற்றுமை உருபு ஒட்டியது போலவே இருக்கிறது. வாக்கியம் பாதியில் நின்றுவிட்டது போலவும், சிடி-ஐ என்ன செய்வது என்று யாரோ கேட்பது போலவும். அந்தப் பெட்டியை வாங்கியவர்களும் அதைத்தான் கேட்டார்கள்.

பிலிப்ஸும் சோனியும் இதற்கான 'பச்சைப் புத்தகம்' என்ற வரையறையை 1986-இல் அறிவித்தார்கள். ஆடியோ சிடிக்குச் சிவப்புப் புத்தகம், கம்ப்யூட்டர் சிடிக்கு மஞ்சள், இதற்குப் பச்சை. வீட்டுக்கான பெட்டி அமெரிக்கக் கடைகளுக்கு வந்தது 1991 இறுதியில். ஐந்து வருடம் என்பது எலக்ட்ரானிக்ஸில் ஒரு தலைமுறை. 68000 குடும்பத்துச் சிப், 1 எம்பி ராம், ஒற்றை வேக டிரைவ். 1986-இல் கனவாக இருந்தது 1991-இல் பழைய சோறாகிவிட்டது.

இது விளையாட்டுக்கு ஏன் ஒத்துவரவில்லை என்பதை உள்ளே பார்த்தால்தான் புரியும். அந்தக் காலத்து கன்சோல்களில் பொம்மைகளை நகர்த்துவதற்கென்றே தனி வன்பொருள் இருக்கும். பின்னணி ஒரு பக்கம் ஓடும், மரியோ ஒரு பக்கம் குதிப்பான், சிப்புக்குப் பெரிய பாரம் இல்லை. சிடி-ஐயில் இருப்பவை இரண்டு படத்தளங்கள், மேலே ஒரு சின்னக் கர்சர். அருங்காட்சியகப் பொருளைக் காட்டி, அம்புக்குறியால் தொட்டால் விளக்கம் சொல்ல அது போதும். உண்மையிலேயே ஸ்மித்சோனியன் அருங்காட்சியகப் பொருட்களை வைத்து ஒரு டிஸ்க் முதலிலேயே வந்தது. ஆனால் ஓடவும் குதிக்கவும் வேண்டும் என்றால் எல்லாவற்றையும் அந்த ஒற்றைச் சிப்பே இழுக்க வேண்டும். போதாததற்குத் தொடக்கத்தில் கொடுத்தது டிவி ரிமோட் மாதிரி ஒரு ரிமோட், அதன்மேல் கட்டைவிரலால் அசைக்க ஒரு குமிழ். அதை வைத்துக்கொண்டு குதிப்பது, அகப்பையால் பேனா பிடித்து எழுதுவது போலத்தான்.

இந்த லட்சணத்தில் நிண்டெண்டோவின் ஜெல்டாவும் மரியோவும் இதில் வந்தார்கள் என்பதுதான் சிடி-ஐயின் புகழுக்கும் அவப்பெயருக்கும் காரணம். 1991 கோடையில் சிகாகோ கண்காட்சியில், நிண்டெண்டோ பெட்டிக்கு சிடி இணைப்பு செய்வதாகச் சோனி அறிவித்தது. மறுநாளே அதே கண்காட்சியில் நிண்டெண்டோ, எங்கள் கூட்டு பிலிப்ஸோடு என்றது. நிச்சயதார்த்தத்துக்கு மறுநாள் மாப்பிள்ளையை மாற்றிய கதை. சோனி அந்தக் கோபத்தோடு போய் பிளேஸ்டேஷன் செய்தது ஊரறிந்தது. பிலிப்ஸோடும் அந்த சிடி இணைப்பு வரவேயில்லை. கூட்டுக்கு மிச்சமாக, நிண்டெண்டோவின் சில பாத்திரங்களை வைத்து விளையாட்டு செய்யும் உரிமை மட்டும் பிலிப்ஸ் கையில் நின்றது.

அப்படி வந்தவைதான் 1993-இன் இரண்டு ஜெல்டா விளையாட்டுகள். சின்னச் செலவில், ரஷ்யாவிலிருந்து வந்த ஓவியர்களைக் கொண்டு கார்ட்டூன் காட்சிகள் வரைந்தார்கள். முகங்கள் ரப்பரைப் போல இழுபடும், கண்கள் ஒரு பக்கம், வாய் ஒரு பக்கம். பத்துப் பதினைந்து வருடம் கழித்து யூடியூப் பிள்ளைகள் அந்தக் காட்சிகளை வெட்டி ஒட்டிக் கேலி வீடியோக்களாகச் செய்து தள்ளினார்கள். சிடி-ஐயைத் தொட்டே பார்க்காத கோடிப் பேருக்கு இன்று அதைத் தெரியும் என்றால் இதனால்தான். 1994-இல் வந்த 'ஹோட்டல் மரியோ'வில் மரியோவின் வேலை கதவுகளைச் சாத்திக்கொண்டே போவது. ஆமாம், அவ்வளவுதான்.

ஆக, விளையாட்டுக்கு என்றால் சிடி-ஐ வேண்டவே வேண்டாம். அப்புறம் ஏன் என் மனம் அங்கேயே நிற்கிறது?

அந்தப் பெட்டியின் பின்பக்கத்தில் ஒரு ஓட்டை இருக்கிறது. டிஜிட்டல் வீடியோ கார்ட்ரிட்ஜ் என்ற ஒன்றை அங்கே சொருகலாம். சொருகினால் பெட்டி வேறு ஆளாகிவிடும். ஆடியோ சிடியிலிருந்து ஒரு விநாடிக்கு எவ்வளவு தகவல் வருமோ, அந்த மெல்லிய ஓட்டத்துக்குள் முழுத்திரைப் படத்தையும் சத்தத்தையும் அமுக்கி அடைப்பதுதான் எம்பெக்-1. கார்ட்ரிட்ஜில் இருக்கும் சிப் அதை விரித்துக் காட்டும். 74 நிமிடப் பாட்டு பிடிக்கும் சிடியில் 74 நிமிடப் படம் பிடிக்கும். இதையே 1993-இல் பிலிப்ஸ், சோனி, மட்சுஷிடா, ஜேவிசி நான்கும் சேர்ந்து 'வெள்ளைப் புத்தகம்' என்று வரையறுத்தார்கள். நமக்கு அதன் பெயர் விசிடி.

தமிழ்ப் படம் ஏன் இரண்டு சிடியாக, சில சமயம் மூன்று சிடியாக வந்தது என்பதற்கு இதுதான் விடை. இடைவேளை முடிந்து கொஞ்ச நேரத்தில், முக்கியமான சண்டையின் நடுவே, யாராவது எழுந்து போய் டிஸ்க் மாற்ற வேண்டியிருந்ததற்கும் இதே 74 நிமிடம்தான் காரணம். அமெரிக்காவில் விசிடி ஒட்டவே இல்லை. நம் ஊரிலோ டெக்கை வீட்டை விட்டே விரட்டியது.

பழைய விசிடி ஏதாவது பரணில் இருந்தால் எடுத்துக் கம்ப்யூட்டரில் போட்டுப் பாருங்கள். எம்பெகேவி என்ற ஃபோல்டர் எல்லாருக்கும் தெரியும். அதற்குள் படம் அடங்கிய டேட் ஃபைலைக் காப்பி செய்யத் தெரியாதவன் அன்று ஹாஸ்டலில் இருந்திருக்க மாட்டான். அதற்குப் பக்கத்தில், யாரும் திறக்காமல், சிடிஐ என்ற பெயரில் இன்னொரு ஃபோல்டர் கிடக்கும். உள்ளே குட்டியாக ஒரு ஆப் ஃபைல், ஒரு எழுத்துரு ஃபைல். வருடக்கணக்கில் அதை வைரஸ் என்றுகூட நினைத்திருக்கிறேன். நீரோ என்ற மென்பொருளில் விசிடி எரிக்கும்போதும் சிடி-ஐ அப்ளிகேஷன் வேண்டுமா என்று ஒரு டிக் இருக்கும். எதற்கென்று தெரியாமலே விட்டுவைப்போம்.

அது இந்தப் பெட்டிக்கானது. சிடி-ஐ வடிவமைக்கப்பட்டபோது விசிடி என்ற ஒன்று கிடையாது. அதனால் விசிடியை ஓட்டும் வழியை டிஸ்க்கே தன்னோடு கொண்டுவர வேண்டும் என்று வைத்தார்கள். சிடி-ஐயில் டிஸ்க்கைப் போட்டால் அது முதலில் அந்தக் குட்டி நிரலைத் தேடி எடுத்து, அதை ஓட்டி, அதன் வழியாகப் படத்தைக் காட்டும். பர்மா பஜாரிலும் பஸ் ஸ்டாண்டு பிளாட்பாரத்திலும் வாங்கிய டிஸ்க்குகளில்கூட, நம்மில் யாரும் பார்த்தேயிராத ஒரு டச்சுப் பெட்டிக்கான சாவி இருந்திருக்கிறது. இதைத் தெரிந்துகொண்ட நாளிலிருந்து அந்தச் சாவியை ஒரு தடவை திருப்பிப் பார்த்துவிட வேண்டும் என்று இருக்கிறது.

3டிஓவுக்கும் விசிடி இணைப்பு ஒன்று பானசோனிக் செய்தது. ஆனால் அதைத் தேடிப் பிடிப்பதற்குள் பொங்கல் இரண்டு முறை வந்துவிடும். இன்னொன்று, இந்த டிஜிட்டல் வீடியோ விஷயத்தில்தான் எமுலேட்டர்கள் நெடுங்காலம் திணறின. 3டிஓவுக்கு லேப்டாப் போதும் என்றால், சிடி-ஐக்குப் பெட்டியே வேண்டும் என்பதற்கு இதைவிட நல்ல காரணம் இல்லை.

சிடி-ஐயின் குறையையும் சொல்லிவிடுகிறேன். நேரத்தையும் விளையாட்டுச் சேமிப்புகளையும் வைத்திருக்க உள்ளே 'டைம்கீப்பர்' என்று ஒரு சிப். அதன் பேட்டரி தனியாக இல்லை, சிப்பின் பிளாஸ்டிக்குக்குள்ளேயே வைத்து மூடியிருக்கிறார்கள். இத்தனை வருடத்தில் அது செத்திருக்கும் என்றே வைத்துக்கொள்ள வேண்டும். செத்தால் சேமிப்பு நிற்காது. ஒன்று, புதுச் சிப் மாற்ற வேண்டும். இல்லையென்றால் சிப்பின் தலையைக் கவனமாகச் சுரண்டி, உள்ளே பேட்டரிக்குப் போகும் கால்களைக் கண்டுபிடித்து, வெளியே ஒரு காசு பேட்டரி ஹோல்டரைச் சால்டர் செய்ய வேண்டும். மெக்கானிக் அண்ணனிடம் படத்தைக் காட்டினேன். "பல் டாக்டர் வேலை தம்பி இது. கொண்டாங்க, பார்த்துக்கலாம்" என்றார். போன முறை என்னைப் பார்த்த பார்வையைவிட இந்தப் பார்வை தேவலை.

மாடல் எது என்பதிலும் கொஞ்சம் தடுமாற்றம். 450 என்பது கேம் கன்சோல் போலச் சின்னதாக, மேலே திறக்கும் மாதிரி, சூட்கேஸுக்கு நல்லது. ஆனால் அதில் கார்ட்ரிட்ஜ் தனியாகத் தேட வேண்டும், ரிமோட்டும் பெட்டியோடு வராது. 550 அதே உடம்பு, கார்ட்ரிட்ஜ் உள்ளேயே பூட்டியது. 210, 220 இரண்டும் டெக் மாதிரி அகலம், கனமும்கூட, ஆனால் நெதர்லாந்தில் பழைய சாமான் விற்பவர்களிடம் அடிக்கடி கண்ணில் படுவது இந்த ரகம். எல்லாக் கார்ட்ரிட்ஜும் எல்லாப் பெட்டிக்கும் பொருந்தாது என்பதால் தனித்தனியாக வாங்கிச் சேர்ப்பது அத்தானுக்கு வேண்டாத வேலை.

கடைசியாக அத்தானுக்குப் போட்ட செய்தி இதுதான்:

"அத்தான், பிலிப்ஸ் சிடி-ஐ. 550 கிடைச்சா கண்ணை மூடிட்டு வாங்குங்க. இல்லேன்னா 210, 220, ஏதா இருந்தாலும் டிஜிட்டல் வீடியோ கார்ட்ரிட்ஜ் சொருகியிருக்கணும். 'வேலை செய்யும்'னு விக்கிறவர் வாயால சொன்னா நம்பாதீங்க, விசிடி ஒண்ணு போட்டுக் காட்டச் சொல்லுங்க. ரிமோட் இருக்கான்னு பாருங்க. கார்ட்ரிட்ஜ் இல்லாத பெட்டிதான் கிடைக்குதுன்னா அதை விட்டுட்டு பானசோனிக் 3டிஓ பாருங்க, அதுவும் அங்க வித்ததா, பின்னாடி 220-க்கு மேல போட்டிருக்கான்னு பார்த்து. அக்காவுக்குத் தெரிய வேண்டாம்."

பதில் அரைமணி நேரத்தில் வந்தது. "விசிடிக்கு நான் எங்கடா போவேன்? இங்க எவனும் அதைப் பார்த்ததே இல்ல."

மறுநாள் பரண் ஏறினேன். ஒட்டடைக்கு நடுவே நாற்பதுக்கும் மேல் இருந்தன. ஒவ்வொன்றாக லேப்டாப்பில் போட்டு சிடிஐ ஃபோல்டர் இருக்கிறதா என்று பார்த்து, இருப்பதைத் தனியாக அடுக்கினேன். கீறல் குறைந்ததாக ஒன்றைத் தேர்ந்து, சட்டைக்கு நடுவே வைத்து அட்டைப்பெட்டியில் கட்டி, ஐந்தோவன் முகவரி எழுதி அனுப்பியிருக்கிறேன். பழைய காமெடிப் படம், முதல் டிஸ்க் மட்டும். இரண்டாவது இங்கேயே இருக்கிறது, பெட்டி வந்ததும் போட.